தரை கழுவும் இயந்திரத்தில் புதுமைக்கு இடம் பின்பக்கம்தான்

கேள்வி: "கோவை கணபதியில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். ஒற்றைத் தட்டு தேய்ப்பு இயந்திரங்கள் செய்து விற்கிறோம். அடுத்ததாக, பின்னால் நடந்தபடியே தள்ளுகிற, கழுவிய தண்ணீரை உடனே உறிஞ்சிக்கொள்கிற இயந்திரத்தைச் சொந்தமாக வடிவமைக்க ஆசை. இதில் இதுவரை வந்த கண்டுபிடிப்புகள் என்னென்ன? நம் பக்கத்து மில்களுக்கும் ஆலைகளுக்கும் எந்த மேம்பாடு பயன்படும்? காப்புரிமை வாங்க வழி உண்டா?"

முதலில் பிரஷ்ஷை மறந்துவிடுங்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் கை வைக்கிறார்கள். பெரிய மோட்டார், கூடுதல் வேகம், கூடுதல் எடை என்று யோசனை ஓடும். தரையைத் தேய்ப்பது தீர்ந்துபோன பிரச்சினை. தேய்த்த தண்ணீரை அழுக்கோடு சேர்த்துத் தரையிலிருந்து எடுப்பதுதான் இன்றுவரை முழுதாகத் தீரவில்லை. ஒரு மில்லில் இயந்திரத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்றால், "அழுக்கு போகவில்லை" என்று சொல்லி அனுப்புவது அபூர்வம். "தண்ணீர் விட்டுப் போகிறது", "கோடு கோடாக விழுகிறது", "பஞ்சு அடைத்துக்கொள்கிறது" என்பார்கள். மூன்று புகாருமே பிரஷ்ஷுக்கு அரை மீட்டர் பின்னால் நடக்கிற வேலையைப் பற்றியவை.

வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பீங்கான் கடை வைத்திருந்த மெல்வில் பிஸ்ஸல் 1876இல் தள்ளிக்கொண்டே பெருக்கும் கம்பளப் பெருக்கிக்குக் காப்புரிமை பெற்றார். உருளை பிரஷ், அதைச் சுற்றவைக்கும் சக்கரம், குப்பையை வாங்கிக்கொள்ளும் பெட்டி, இவ்வளவுதான் அதில். 1901இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத், தூசியை ஊதித் தள்ளும் ஓர் இயந்திரத்தின் செயல்விளக்கத்தைப் பார்த்துவிட்டு, ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று கேட்டு, மோட்டாரால் இயங்கும் உறிஞ்சியைக் கொண்டுவந்தார். (நம் மில்களில் இன்றைக்கும் கம்ப்ரஸர் குழாயைப் பிடித்து மெஷின் அடியில் ஊதி, பஞ்சை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு அனுப்புகிறார்கள். பூத் கேட்ட கேள்விக்கு நூறு வருடம் தாண்டிவிட்டது.) பிறகு மின்மோட்டாரில் சுற்றும் ஒற்றைத் தட்டு இயந்திரம் வந்தது. கடைசியில் தண்ணீர்த் தொட்டி, பிரஷ், உறிஞ்சி மூன்றையும் ஒரே வண்டியில் ஏற்றியபோது பிறந்ததுதான் நீங்கள் கேட்கும் இயந்திரம். ஆங்கிலப் பெயரில் ஸ்க்ரப்பர் டிரையர். இன்றைக்கு டென்னன்ட், நில்ஃபிஸ்க், கார்ஷர், ஹாகோ என்று பெரிய பெயர்கள் இதில் இருக்கின்றன. கோவையிலேயே ரூட்ஸ் மல்டிகிளீன், ஹாகோவின் கூட்டோடு வளர்ந்த நிறுவனம். ஆகவே ஆள் இல்லாத களத்தில் நீங்கள் இறங்கவில்லை.

ஒற்றைத் தட்டு இயந்திரத்தை நீங்களே செய்வதால் அதன் குணம் உங்களுக்குத் தெரியும். கைப்பிடியைக் கொஞ்சம் ஏற்றினால் ஒரு பக்கம் இழுக்கும், இறக்கினால் மறுபக்கம் ஓடும். தட்டின் ஒரு விளிம்பில் அழுத்தம் கூடும்போது அந்த விளிம்பின் உராய்வு இயந்திரத்தையே நகர்த்துகிறது. பழகாதவர் கையில் கொடுத்தால் சுவரில் கொண்டுபோய் மோதுவார். இந்தத் தொல்லையிலிருந்தே இரண்டு நல்ல கண்டுபிடிப்புகள் வந்தன. எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரண்டு தட்டுகளை வைத்தால் ஒன்றின் இழுப்பை மற்றது தின்றுவிடும். இயந்திரம் அமைதியாக நிற்கும். இன்னொன்று, அதே இழுப்பை வேலைக்கு எடுத்துக்கொள்வது. தட்டை மிகச் சிறிய கோணத்தில் சாய்த்துவிட்டால் அதுவே வண்டியை முன்னால் இழுத்துப் போகும். தனியாக ஓட்டு மோட்டார் வேண்டாம். குறைந்த விலை நடை இயந்திரங்கள் பல இன்றும் இப்படித்தான் ஓடுகின்றன. சரிவில் ஏற மட்டும் சிரமப்படும்.

பிரஷ்ஷுக்குப் பதிலாகப் பொருத்தும் வட்டப் பேட் பற்றி ஒரு வரி. 1950களின் இறுதியில் 3எம் நிறுவனம் நெய்யாத நைலான் இழையில் உராய்வுத் தூளை ஒட்டவைத்து விற்கத் தொடங்கியது. இன்றுள்ள வண்ண வழக்கில் கறுப்பு பழைய பூச்சை உரிக்க, பச்சையும் நீலமும் தேய்த்துக் கழுவ, சிவப்பு அன்றாடத் துப்புரவுக்கு, வெள்ளை மெருகுக்கு. நம் ஊரில் பாதி இடங்களில் கையில் கிடைத்த நிறத்தைப் போட்டு ஓட்டுகிறார்கள். பளபளப்பான கோட்டா கல் தரையில் கறுப்புப் பேட் ஓடிய இடத்தை அப்புறம் மெருகுக்காரரை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

இனி பின்பக்கத்துக்கு வருவோம். கொஞ்சம் கணக்குப் போட்டால் விஷயம் புரியும். அரை மீட்டர் அகலத்தில் தேய்க்கும் இயந்திரம் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் போனால், காகிதக் கணக்கில் மணிக்கு 2,000 சதுர மீட்டர். திருப்பம், ஓரம் சேர்ந்து தேய்ப்பது, தண்ணீர் நிரப்புவது எல்லாம் கழித்தால் உண்மையில் 1,200 கிடைத்தால் நல்லது. நிமிடத்துக்கு 2 லிட்டர் தண்ணீர் விட்டால், 2,000 சதுர மீட்டருக்கு 120 லிட்டர். அதாவது தரைமேல் நிற்கும் தண்ணீர்ப் படலத்தின் தடிமன் 0.06 மில்லிமீட்டர். இவ்வளவு மெல்லிய படலத்தை, ஒவ்வொரு அடியிலும் மேடுபள்ளம் மாறுகிற தரையிலிருந்து, நடந்துபோகிற வேகத்தில் வழித்து எடுக்க வேண்டும். அதற்கு இருப்பதெல்லாம் இரண்டு ரப்பர் பட்டைகளும் அரைக் குதிரைத்திறன் சொச்சம் உறிஞ்சி மோட்டாரும்தான்.

பின்னால் வில்போல வளைந்து தொங்குகிற அந்த ரப்பர் அமைப்பை எல்லோரும் ஸ்க்வீஜி என்றே சொல்கிறார்கள். முன் ரப்பரில் பல்பல்லாகச் சிறு வெட்டுகள் இருக்கும். தண்ணீரும் காற்றும் அந்த வெட்டுகள் வழியாக மட்டும் உள்ளே போகும். வழி குறுகியது என்பதால் காற்றுக்கு வேகம் கூடும். அந்த வேகம்தான் தண்ணீரைத் தரையிலிருந்து பிய்த்து எடுத்துக் குழாய்க்குள் தள்ளுகிறது. பின் ரப்பரில் வெட்டு கிடையாது. வண்டி முன்னே போகும்போது அது பின்பக்கமாக மடங்கி, தன் விளிம்பை மட்டும் தரையில் வைத்து வழித்துக்கொண்டு வரும். மடக்கு குறைந்தால் விளிம்பு சரியாகப் பதியாது. கூடினால் ரப்பரின் பட்டை முகம் தரையில் படுத்துக்கொள்ளும். தண்ணீர் அதன் அடியில் நழுவிவிடும். மடக்கைத் தீர்மானிப்பது ஸ்க்வீஜியின் பின்னால் இருக்கும் இரண்டு குட்டிச் சக்கரங்களின் உயரமும் சாய்வைத் திருத்தும் திருகும். ஓரத்தில் மட்டும் தண்ணீர் நிற்கிறதா, நடுவில் மட்டும் நிற்கிறதா என்று பார்த்தாலே சாய்வு எந்தப் பக்கம் தவறியிருக்கிறது என்று அனுபவக்காரர் சொல்லிவிடுவார்.

வளைவுக்கும் காரணம் இருக்கிறது. வளைந்திருந்தால் இரு ஓரத்துத் தண்ணீரும் நடுவை நோக்கி ஓடிவரும். குழாய் நடுவில்தான் மாட்டியிருக்கிறது. நேரான பட்டையில் இது நடக்காது. இன்னொரு கண்டுபிடிப்பு திருப்பத்தைப் பற்றியது. வண்டி வளையும்போது முன்னால் உள்ள பிரஷ் நனைத்த தடம் வெளிப்பக்கம் ஒதுங்கிவிடும், பின்னால் உள்ள ஸ்க்வீஜி உள்பக்கம் வெட்டிக்கொண்டு போகும். மூலைக்கு மூலை பிறை வடிவில் ஈரம் நிற்பது இதனால்தான். எளிய தீர்வு, பிரஷ்ஷைவிட ஸ்க்வீஜியை அகலமாக வைப்பது. அதைவிட நல்ல தீர்வு, ஸ்க்வீஜியைப் பிரஷ்ஷின் மையத்தைச் சுற்றி ஊசலாடும்படி இயந்திரக் கையிலோ வளைவுத் தண்டவாளத்திலோ மாட்டுவது. அப்போது அது ஈரத் தடத்தையே தேடிப் போகும். அகலத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அகலம் கூடினால் வெட்டுகளின் மொத்தப் பரப்பும் கூடும், அதே மோட்டாருக்குக் காற்றின் வேகம் குறையும். வாங்குகிறவருக்குப் பெரிய ஸ்க்வீஜி கம்பீரமாகத் தெரியும். தரை ஈரமாகவே கிடக்கும்.

செவ்வக வெட்டுள்ள ரப்பர் பட்டைக்கு நான்கு விளிம்புகள் உண்டு. தலைகீழாக்கியும் முன்பின்னாகத் திருப்பியும் நான்கையும் பயன்படுத்தலாம். பழைய இயந்திரங்களில் இதற்கு ஏழெட்டு நட்டுகளைக் கழற்ற வேண்டும். ஆகவே யாரும் திருப்புவதில்லை. முதல் விளிம்பு மழுங்கியதும் "மெஷின் கெட்டுவிட்டது" என்று ஓரங்கட்டிவிடுவார்கள். கருவி இல்லாமல் ஒரே கொக்கியை விடுவித்து ரப்பரை உருவும் வசதி வந்த பிறகுதான் இது மாறியது. கேட்பதற்கு அற்பமாக இருக்கும். ஆனால் என்னைக் கேட்டால் கடந்த சில பத்தாண்டுகளில் இந்த இயந்திரத்துக்கு வந்த மிக உபயோகமான புதுமைகளில் அது ஒன்று. தூணிலோ மெஷின் காலிலோ மோதினால் உடையாமல் கழன்று விழும் ஸ்க்வீஜியும் பின்னுக்கு இழுத்தால் தானாக மேலே எழும் ஸ்க்வீஜியும் அதே ரகம். கீழே இறக்கியபடி பின்னால் இழுத்தால் ரப்பர் தலைகீழாக மடங்கி நாசமாகும். ஓட்டுகிறவருக்கு எத்தனை தடவை சொன்னாலும் அவசரத்தில் மறந்துபோவார். இயந்திரமே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நம் பக்கத்துக்கே உரிய பிரச்சினை இனிமேல்தான் வருகிறது. 1888இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியதிலிருந்து இந்த மண்ணில் பஞ்சு பறக்கிறது. மேலை நாட்டு இயந்திரங்கள் பல்பொருள் அங்காடியையும் விமான நிலையத்தையும் மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. அங்கே விழுவது தூசியும் காபிக் கறையும். நூற்பாலையில் தரைக்கு வருவது இழை. ஈரம் பட்ட பஞ்சு கம்பளித் துண்டுபோலத் திரண்டு முன் ரப்பரின் வெட்டுகளில் வரிசையாக அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்தில் காற்று போகாது, தண்ணீரும் போகாது. அதைவிட மோசம், பின் ரப்பரின் அடியில் ஒரே ஒரு நூல் சிக்குவது. அந்த நூலின் தடிமன் அளவுக்கு விளிம்பு எழும்பும். ஸ்பின்னிங் பகுதியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நேராக ஒரு தண்ணீர்க் கோடு விழும். ஓட்டுகிற அம்மணி திரும்பிப் பார்த்த பிறகுதான் தெரியும். அதற்குள் பாதி தூரம் போயிருப்பார்.

முதலில் உலர்ந்த டஸ்ட் மாப்பால் ஒருமுறை தள்ளிவிட்டுப் பிறகு கழுவுங்கள் என்று கையேடுகள் சொல்கின்றன. சரியான யோசனைதான், ஆனால் ஒரே வேலையை இரண்டு முறை செய்யச் சொல்கிறது. பெருக்குவதையும் தேய்ப்பதையும் சேர்த்துச் செய்ய உருளை பிரஷ் உள்ள இயந்திரம் இருக்கிறது. எதிரெதிராகச் சுற்றும் இரண்டு உருளைகள் சில்லறைக் குப்பையை எறிந்து ஒரு தட்டில் சேர்க்கும். ஃபவுண்டரி, மெஷின் ஷாப், அட்டைப்பெட்டி ஆலை போன்ற இடங்களுக்கு அருமையானது. பஞ்சுக்கு அது ஆகாது. இழை உருளையில் சுற்றி, முனைகளில் பேரிங் வரை போய் இறுகும். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஆகவே மில்லுக்கு வட்ட பிரஷ்தான் சரி. இங்கேதான் உங்களுக்கு இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஸ்க்வீஜிக்கு முன்னால் இழையைப் பிடிக்கும் சீப்பு போன்ற பட்டை ஒன்று. குனியாமல், காலால் ஒரு மிதி மிதித்தால் அது தன்னைத்தானே உதறிக்கொள்ள வேண்டும். ஸ்க்வீஜியிலிருந்து தொட்டிக்குப் போகும் ஒன்றரை அங்குலக் குழாயின் முதல் வளைவுக்கு முன்பே, கண்ணாடிபோலத் தெரியும் மூடியுள்ள ஒரு பொறிக்கூடை. பெரும்பாலான இயந்திரங்களில் குப்பைக் கூடை தொட்டிக்குள் இருக்கிறது. பஞ்சு அதுவரை போய்ச் சேர்வதே இல்லை. வழியிலேயே, ஸ்க்வீஜியின் கழுத்தில் தங்கிவிடுகிறது. பஞ்சு நிற்கிற இடத்தில் பொறி இருந்தால் அரை நிமிடத்தில் வேலை முடியும்.

உறிஞ்சி மோட்டாரைக் கொல்வது பெரும்பாலும் நுரை. அழுக்குத் தொட்டி நிறைந்தால் உள்ளே இருக்கும் மிதவை எழும்பி உறிஞ்சும் வழியை அடைக்கும். மோட்டாரின் சத்தம் கீச்சென்று மாறும், ஓட்டுகிறவர் நிறுத்துவார். நல்ல ஏற்பாடு. ஆனால் நுரைக்கு எடை இல்லை. மிதவையை அது தூக்காது. பக்கத்துக் கடையில் வாங்கிய சோப்புத் தூளை அள்ளிப் போட்டு ஓட்டினால் நுரை மிதவையைத் தாண்டி மோட்டாருக்குள் போகும். நுரை வந்ததைக் கண்டறிய மின்முனை வைத்தவர்கள் உண்டு, காற்றைச் சுழலவைத்து நுரையை உடைக்கும் தடுப்புகள் வைத்தவர்கள் உண்டு. கரிப் பிரஷ் இல்லாத பிஎல்டிசி மோட்டார் இப்போது இந்த இடத்துக்கு வருகிறது. ஆயுளும் கூடுதல், சத்தமும் குறைவு, இரவில் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓட்டலாம். பம்புசெட்டுக்கும் கிரைண்டருக்கும் மோட்டார் சுற்றிப் பழகிய ஊரில் இது உங்களுக்குச் சிரமமாக இருக்கக் கூடாது. 1937லேயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் இங்கே மோட்டார் செய்துவிட்டார்கள்.

தண்ணீரைக் குறைப்பது பற்றி நிறையக் கண்டுபிடிப்புகள் வந்திருக்கின்றன. திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் தண்ணீரின் விலை தெரிந்தவர்களுக்கு அதன் அருமை சொல்ல வேண்டியதில்லை. 40 லிட்டர் தொட்டி, நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 20 நிமிடத்தில் காலி. குழாயடிக்கு ஓடி, அழுக்கை ஊற்றி, நல்லதைப் பிடித்து வருவதற்குப் பத்து நிமிடம். விடும் தண்ணீரைப் பாதியாக்கினால் குழாயடிக்கு ஓடும் அந்த ஓட்டமும் பாதியாகும். ஆகவே தண்ணீர்ச் சிக்கனம் என்பது நேரச் சிக்கனமும்தான். இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேகத்துக்கு ஏற்ப விடும் முறை: மெதுவாக நடந்தால் குறைவாக, வேகமாக நடந்தால் கூடுதலாக, நின்றால் அடியோடு நிற்கும். பழைய குழாய்த்திருகு இயந்திரத்தில் நின்றாலும் ஊற்றிக்கொண்டே இருக்கும். திருப்பத்தில் குளம் கட்டும். சோப்பைத் தனிப் புட்டியில் வைத்து, தேவையான விகிதத்தில் இயந்திரமே கலப்பதும் இதோடு சேர்ந்து வந்தது. கையால் ஊற்றினால் மூடி அளவு என்பது எப்போதும் இரண்டு மூடியாகிவிடும்.

டென்னன்ட் நிறுவனம் 2008இல் ஈசி-எச்2ஓ என்று, தண்ணீரில் மின்சாரம் செலுத்திச் சோப்பு இல்லாமலே கழுவும் முறையை அறிமுகப்படுத்தியது. இம்மாதிரி ஏற்பாட்டை யார் விற்க வந்தாலும் ஒரே ஒரு சோதனை கேளுங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டைத் தரை. ஒன்றில் அந்தத் தண்ணீர், மற்றதில் அதே இயந்திரம், அதே பேட், வெறும் தண்ணீர். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தால் வாங்குங்கள். நல்ல பேட்டும் போதிய அழுத்தமும் இருந்தால் அன்றாட அழுக்குக்கு வெறும் தண்ணீரே கணிசமான வேலையைச் செய்துவிடும் என்பதால் இதைச் சொல்கிறேன். சுற்றாமல் அதிரும் செவ்வகத் தட்டு வேறு விஷயம். அது நிஜமான புதுமை. நிமிடத்துக்கு இரண்டாயிரம் முறைக்கு மேல், சில மில்லிமீட்டர் வட்டத்தில் அதிரும். தண்ணீரைச் சிதறடிக்காது, செவ்வகம் என்பதால் மூலைக்குள் போகும், பழைய மெருகுப் பூச்சை ரசாயனம் இல்லாமல் உரித்துவிடும். வழவழப்பான தரைக்கு ஏற்றது. பொரிந்த சிமெண்ட் தரையில் பேட்டைத் தின்றுவிடும்.

நம் போர் தண்ணீரின் உப்பு இன்னொரு தலைவலி. தண்ணீர் விடும் சோலனாய்டு வால்வு, தெளிக்கும் துளைகள் எல்லாவற்றிலும் சுண்ணாம்பு படியும். சிறுவாணித் தண்ணீர் வருகிற இடத்தில் வருடக் கணக்கில் ஓடும் வால்வு, உப்புத் தண்ணீரில் அதற்கு முன்பே ஒட்டிக்கொள்ளும். வெளிநாட்டு வடிவமைப்பில் வடிகட்டி தொட்டியின் அடிவயிற்றில், நான்கு ஸ்க்ரூவுக்குப் பின்னால் இருக்கும். நீங்கள் செய்யும்போது கையால் திருகிக் கழற்றும்படி வெளியே வையுங்கள். துளைகளைச் சற்றுப் பெரிதாக்கி, பிரஷ்ஷின் நடுவில் தண்ணீர் விட்டு, சுற்றும் வேகமே அதைப் பரப்பும்படி விடுவது இன்னும் நல்லது. தொட்டியையும் சேர்த்துச் சொல்கிறேன். இரும்புத் தொட்டிகள் துருப்பிடித்த காலம் போய், மாடியில் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகளைச் செய்யும் அதே சுழல் வார்ப்பு முறையில் பாலிஎத்திலீன் தொட்டி வந்ததும் இந்த இயந்திரத்தின் உருவமே மாறிவிட்டது. இப்போது சிக்கல் துரு அல்ல, நாற்றம். கை நுழையாத வாய் உள்ள அழுக்குத் தொட்டியை யாரும் கழுவ மாட்டார்கள். முழு மூடியும் திறக்க வேண்டும், தொட்டி பின்னால் சாய வேண்டும்.

எண்ணெய்ப் பசை உள்ள இடங்களுக்கு ரப்பர் மாறும். காங்கேயம் பக்கம் எண்ணெய் ஆலைகளிலும், கூலண்ட் சிந்தும் மெஷின் ஷாப்களிலும் இயற்கை ரப்பர் உப்பிப்போய் விளிம்பு அலையலையாகிவிடும். அங்கே பாலியூரித்தேன் போடுங்கள். நெகிழ்வு குறைவு, வழிப்பது ஓரளவு குறையும், ஆனால் எண்ணெய் தாங்கும். ஈரோட்டு மஞ்சள் கிடங்குகளுக்குக் கழுவும் இயந்திரத்தைக் கொண்டுபோகவே வேண்டாம். மஞ்சள் தூளை நனைத்தால் கறையாகத்தான் ஆகும். அங்கே உலர்ந்த உறிஞ்சி போதும்.

பேட்டரி. 24 வோல்ட், 100 ஆம்பியர் மணி என்றால் 2.4 யூனிட். லெட் ஆசிட்டில் எண்பது சதவீதத்துக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும். கையில் நிற்பது 1.9 யூனிட், சுமார் இரண்டு மணி நேர வேலை. ஏற்றுவதற்கு எட்டுப் பத்து மணி நேரம். மூன்று ஷிப்ட் ஓடும் மில்லுக்கு இது பொருந்தாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வந்ததில் உண்மையான லாபம் இடைவேளையில் ஏற்றலாம் என்பதுதான். டீ நேரத்தில் அரை மணி நேரம் மாட்டினால் அடுத்த சுற்றுக்கு ஓடும். லெட் ஆசிட்டை அப்படிக் கொத்திக் கொத்தி ஏற்றினால் செத்துப்போகும். எதுவானாலும் சார்ஜரைப் பஞ்சு பறக்கும் பகுதிக்குள் வைக்காதீர்கள். லெட் ஆசிட் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும். பிளக்கில் ஒரு பொறி பறந்தால் மேலே படிந்திருக்கும் பஞ்சு வழியாகத் தீ எங்கே போய் நிற்கும் என்று மில்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

குறுகிய இடங்களுக்கு நெதர்லாந்தின் ஐ-மாப் காட்டிய வழி கவனிக்கத்தக்கது. மாப் போலவே கையில் பிடித்து, கட்டிலுக்கு அடியிலும் மேசைக்கு அடியிலும் படுக்கவைத்துத் தள்ளலாம்; இரண்டு எதிர்ச்சுழல் பிரஷ், சில லிட்டர் தொட்டி, கழற்றி மாட்டும் பேட்டரி. ஆஸ்பத்திரி வார்டுக்கும் ஓட்டலுக்கும் ஏற்றது. மில் நடைபாதைக்குப் போதாது. ஆளில்லாமல் ஓடும் ரோபோ இயந்திரங்களைப் பற்றியும் கேட்பார்கள். தடத்தில் பாபின் தள்ளுவண்டியும் கேனும் இடம் மாறிக்கொண்டே இருக்கும் மில்லில் அது நின்று நின்று யோசித்துக்கொண்டிருக்கும். அதற்கு உங்கள் பணத்தைச் செலவிடாதீர்கள்.

இனிக் காப்புரிமை. இந்திய காப்புரிமைச் சட்டம் 1970இன் 3(எஃப்) பிரிவை முதலில் படியுங்கள். தெரிந்த சாதனங்களை, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியாகச் செய்துகொண்டிருக்கும்படி, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைப்பது கண்டுபிடிப்பு ஆகாது. ஸ்க்ரப்பரின் மேல் விளக்கும் செல்போன் சார்ஜரும் மாட்டினால் தூக்கி எறிந்துவிடுவார்கள். ஆனால் மிதியை மிதித்தால் சீப்பு உதறும்போது, அந்த நொடியில் ஸ்க்வீஜி எழும்பி உறிஞ்சும் காற்று சீப்புப் பக்கம் திருப்பப்பட்டு இழையைப் பொறிக்குள் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாகங்கள் ஒன்றையொன்று நம்பி வேலை செய்கின்றன. அதை வாதாடலாம். நம் நாட்டில் சிறு மேம்பாடுகளுக்கென்று தனியாக எளிய காப்புரிமை கிடையாது. இந்த ஒரே வாசல்தான். வெளித்தோற்றத்தை மட்டும் காக்க வேண்டுமானால் வடிவமைப்புச் சட்டம் 2000இன் கீழ்ப் பதிவு செய்யலாம். பத்து வருடம், நீட்டித்தால் இன்னும் ஐந்து.

எதையும் செய்வதற்கு முன் தேடுங்கள். தரை கழுவும் இயந்திரங்களுக்கான பன்னாட்டு வகைப்பாட்டு எண் ஏ47எல் 11. அந்த எண்ணைப் போட்டு இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தளத்திலும் ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட்டிலும் இலவசமாகப் பார்க்கலாம். இரண்டு பலன் உண்டு. இருபது வருடம் கடந்த காப்புரிமைகள் எல்லோருக்கும் பொது. ஊசலாடும் ஸ்க்வீஜி, கொக்கி ரப்பர் போன்றவற்றின் பழைய வரைபடங்களை எடுத்து நீங்கள் தாராளமாகச் செய்யலாம். இரண்டாவது, அமெரிக்காவில் மட்டும் பதிவாகி இந்தியாவில் பதிவாகாத ஒன்றை இங்கே செய்து விற்க யாரும் தடுக்க முடியாது. ஆனால் அதை உங்கள் கண்டுபிடிப்பு என்று இங்கே பதிவு செய்யவும் முடியாது, உலகத்தில் எங்கே வெளியானாலும் அது பழசுதான்.

விண்ணப்பம் சென்னை கிண்டி அலுவலகத்துக்குப் போகும், இணையத்திலேயே அனுப்பலாம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். வரைவு எழுதிக் கொடுப்பவருக்குத்தான் பெரிய தொகை ஆகும். முதலில் தற்காலிக விவரணம் ஒன்றைத் தாக்கல் செய்துவிட்டால், முழு விவரணம் கொடுக்கப் பன்னிரண்டு மாதம் கிடைக்கும். அந்த ஒரு வருடத்தில் மில்லில் ஓட்டிப் பார்த்துத் திருத்தலாம். விண்ணப்பத்தை அலுவலகம் பரிசோதிப்பதற்கான கோரிக்கையையும் தனியாகக் கொடுக்க வேண்டும். விண்ணப்பித்தால் தானாக வரிசையில் ஏறிவிடாது.

வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். தாக்கல் செய்யும் முன் கொடிசியா கண்காட்சியில் ஸ்டால் போட்டு எல்லோருக்கும் ஓட்டிக் காட்டினால், அந்தக் கண்காட்சியை மத்திய அரசு அரசிதழில் அறிவித்திருந்தால் ஒழிய உங்கள் புதுமை அங்கேயே முடிந்துபோகும். அறிவித்திருந்தாலும் பன்னிரண்டு மாதத்துக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். தாக்கலுக்கு முன்பே மில்லுக்குள் ஓட்டிப் பார்க்கத்தான் வேண்டும் என்றால், சோதனைக்காக மட்டும், காசு வாங்காமல், ரகசியம் காப்பதாக மேலாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஷிப்ட் மாறும் நேரத்தில் ஓட்டுங்கள். ஓட்டும்போது பக்கத்தில் நின்று பிரஷ்ஷைப் பார்க்காதீர்கள். பத்தடி பின்னால் நடந்துபோய்த் தரையைப் பாருங்கள்.